சந்தனம் வைத்த ரேம்

அன்று சங்குமணி நகர் மூன்றாம் தெருவில், கிழக்குப் பார்த்த வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: கல்யாண வீடியோக்களை வெட்டிக் கோத்துத் தருவதைத் தொழிலாகக் கொண்ட சண்முகக்கனி, துறைமுக வாயிலில் லாரிகளுக்கு அனுமதிச் சீட்டு எழுதும் அவள் கணவன் லிங்கதுரை, தை மாதத்திலிருந்து மகனோடு ஒரு வார்த்தை பேசாமல், அவன் வீட்டிலேயே இருந்து, அவனுக்கே வேளை தவறாமல் சோறு போட்டுவந்த அவன் தாய் சொர்ணம், தயிருக்கு உறை கேட்டு வந்து, உறையை வாங்கிய பின்னும் போகாமல் நின்ற எதிர்வீட்டுப் பிலோமினா, கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்து, பழுது எதுவும் இல்லை என்று அறிவித்து, அறிவித்து முடிக்கும் முன்பே அது நின்றுபோனதைக் கண்ட டைட்டஸ். பிற்பாடு வந்தவர்கள் பலர். தாமும் முதல் நாளிலேயே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் அவர்களினும் பலர். முதல் ஆள் வந்தபோது இருந்தவர்கள் இந்த ஐவர் மட்டுமே. மற்றவர்கள் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஓசை எதுவும் எழவில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த மண்டப வாசல் உறைந்தது, நீலமாயிற்று, நீலத்தின்மேல் ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புத் தோன்றியது, பின்பு எல்லாம் இருண்டது. இருண்ட திரையிலிருந்து அவர்கள் கண்ணை எடுத்தபோது, சோபாவுக்கும் டைட்டஸின் கருவிப் பைக்கும் இடையே, மாம்பழ நிறப் பட்டு உடுத்தி, கொண்டை நிறையப் பிச்சிப்பூ சூடி, சந்தனமும் குங்குமமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும் வைத்த தட்டை ஏந்தியபடி லிங்கதுரையின் அத்தை பவளம் நின்றுகொண்டிருந்தாள். திரையின் அளவில் அல்ல. அவளுக்கு இயற்கை வகுத்த முழு அளவில், முழு எடையில் நின்றாள். தரை ஓடு ஒன்று அவளுக்காகச் சற்று அசைந்துகொடுத்தது.

"வாங்க, வாங்க. சந்தனம் எடுத்துக்கிடுங்க. வெயில்ல வந்திருப்பிய, பன்னீர் தெளிக்கட்டா?" என்றாள் பவளம்.

ஐவரும் எடுத்துக்கொண்டார்கள். நீட்டிய சந்தனத்தை மறுப்பது எந்நிலையிலும் முறையன்று.

"மைனி, நீங்க உடன்குடியிலல்லா இருக்கிய? காலம்பற போன்ல பேசுனோமே?" என்று கேட்டாள் சொர்ணம்.

"அவ அங்கன இருப்பா. நான் கல்யாணத்துக்கு வந்தவ. பந்தி எப்ப போடுவிய?"

"பாத்தியளா, நியாயமான கேள்வி. பட்டு கட்டிட்டு வந்த மனுசிய நிக்கவச்சு விசாரிக்கிய," என்றாள் பிலோமினா. "உக்காருங்கம்மா. மொதல்ல காப்பி குடிங்க."

டைட்டஸ், அவள் கால் தடுக்காதபடி தன் பையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, நெற்றிச் சந்தனம் உலருமுன் தன் முடிவைச் சொன்னான்: "அக்கா, இது ரேம் பிரச்சினை."

அவன் சொன்னது சரி. அவ்வூரில் ஆயுத பூஜையன்று கிரேனும் சந்தனம் பெறும், பேனாவும் சந்தனம் பெறும். மனைவியின் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதென்று கேட்டுக் கேட்டு அலுத்த லிங்கதுரை, கைபேசியில் ஒரு பாடம் பார்த்து, ரேம் என்னும் பழைய நினைவகப் பலகைக்குத் துணையாக வேறொரு கம்பெனியின் ரேமை வாங்கிவந்திருந்தான். பூஜையன்று காலை பெட்டியைத் திறந்து, தூசி துடைத்து, காற்றாடிக்கு ஒரு பொட்டு, மதர்போர்டுக்கு ஒரு பொட்டு என வைத்துக்கொண்டே வந்து, புதிய ரேமுக்கும் வைத்தான். புதிதுக்கு வைத்துப் பழையதை விடுவது ஓரவஞ்சனை ஆகும் என்று பழையதையும் கழற்றி அதற்கும் தாராளமாக வைத்தான். நெற்றி எது என்பதில் அவனுக்கு ஐயம் வந்தது. தங்கமாக மின்னிய விளிம்பே நெற்றியாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தான். அந்த விளிம்பின் வழியாகத்தான் ரேம் மதர்போர்டோடு பேசுகிறது என்பது அவன் பார்த்த பாடத்தில் இல்லை. பிறகு இரண்டையும் பொருத்தி, பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புக்குள் போய், ரேமை முழு வேகத்தில் ஓடவிடும் வரியைத் தேடிப் பிடித்து இயக்கி, கற்பூரம் காட்டினான்.

டைட்டஸ் பெட்டியைத் திறந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டுகள் அவன் எதிரிலேயே இருந்தன. சந்தனம் இல்லாத கம்ப்யூட்டரை அவ்வூரில் அவன் கண்டதில்லை. ஆகவே சந்தனத்தை அவன் கண் காண்பதையே விட்டிருந்தது.

அப்போது திரையில் இருந்த கல்யாணம் லிங்கதுரையின் தங்கை இந்துமதியின் கல்யாணம். தையில் நடந்தது. ஊரார் வீட்டுக் கல்யாணங்களையெல்லாம் முடித்துக் கொடுத்த பின்பே சொந்த வீட்டுக் கல்யாணத்தைத் தொடுவது சண்முகக்கனியின் ஒழுங்கு; ஆகவே ஐப்பசி பிறந்தும் படம் முடிந்திருக்கவில்லை. ஐப்பசிக் கடைசியில் இந்துமதிக்கு வளைகாப்பு. அதற்குள் படம் தயாராக வேண்டும் என்பது சண்முகக்கனியின் கவலை. அந்த வீட்டின் கவலை அதுவன்று.

அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் முதல் வளையலைப் போட்ட பின்பே மற்றவர்கள் பெண்ணின் கையைத் தொடலாம். தாய்மாமன் என்பவர் ஒட்டப்பிடாரம் செந்தூர்பாண்டி, சொர்ணத்தின் ஒரே தம்பி. கல்யாணத்தன்று முதல் பந்தியில், இலை விரித்து, நீர் தெளித்து, உப்பும் வைத்தாகிவிட்ட நேரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்த லிங்கதுரை, "மாமா, ஒரு நிமிசம் எந்திரிங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பஸ்சுக்கு நிக்காங்க," என்று சொன்னான். உட்கார்ந்த இலையிலிருந்து ஓர் ஆளை எழுப்புவது எத்தகைய செயல் என்பதை இதைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செந்தூர்பாண்டி எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், நடந்தார். அன்று முதல் அவர் போனை எடுக்கவில்லை. வளைகாப்புக்கு அழைக்கப் போன லிங்கதுரைக்குக் கதவு திறக்கவில்லை. தம்பி தன் வீட்டுச் சோற்றில் கை நனைக்கும்வரை மகனோடு பேசுவதில்லை என்று சொர்ணம் முடிவு செய்திருந்தாள். அவள் முடிவுகளை மாற்றிக்கொள்ளும் வழக்கம் உடையவள் அல்லள்.

பவளத்துக்குப் பிறகு மற்றவர்கள் வந்தார்கள். கம்ப்யூட்டர் இப்படி நின்று விழும்போதெல்லாம், சேவ் செய்யாத படத்துண்டில் யார் இருந்தார்களோ அவர்கள் முன்னறைக்கு வந்தார்கள். அந்தத் துண்டை மறுபடி திறந்து சேவ் செய்தால், சொல்லிக்கொண்டும் சிலவேளை சொல்லிக்கொள்ளாமலும் திரும்பிப் போனார்கள். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வந்தார்கள், மாப்பிள்ளைத் தோழன் வந்தான், மொய் எழுதக் குந்தியிருந்த சித்தப்பா மேசையோடு வந்தார், மண்டபத்துப் பூனைகூட ஒருநாள் வந்து தயிரைக் குடித்துவிட்டுப் போயிற்று. ஒருமுறையும் வராதவன் கேமராக்காரன் மட்டும். அவன் படத்தில் இல்லை. கல்யாணத்துச் சொர்ணம் வந்தபோது, வீட்டுச் சொர்ணமும் அவளும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்து, இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பின்னர் சாம்பாரில் பெருங்காயம் போதவில்லை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து இருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் பசியோடு வந்தார்கள், ஏனெனில் சண்முகக்கனி அப்போது கோத்துக்கொண்டிருந்தது பந்திக்கு முந்தைய காலைப்பொழுது. முகூர்த்தத்துக்கு விடியுமுன் எழுந்து, காப்பி மட்டும் குடித்துவிட்டுப் பஸ் ஏறி, தாலி கட்டி முடியும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு முழு மண்டபத்தின் பசி அது. தெரு அந்தப் பசியைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. பிலோமினா இட்லிக் கொப்பரையைத் தூக்கிவந்தாள். கோடி வீட்டார் மீன் குழம்பு வைத்தார்கள். பின்வரிசை வீடுகளிலிருந்து தேங்காய்த் துவையலும், கருப்பட்டிப் பாயாசமும், யாரும் கேட்காத நூடுல்ஸும் வந்தன. குடியிருப்போர் சங்கச் செயலாளர், வெளியாட்கள் தண்ணீர் செலவழிக்கிறார்கள் என்று கண்டிக்க வந்து, படியில் அமர்ந்து மோகனம் வாசித்துக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரரைக் கேட்டு, ஒரு கீர்த்தனை முடியும்வரை நின்று, வண்டி எதையும் நிறுத்தாத விருந்தினர்மேல் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டு, மறுநாள் தன் வீட்டு வாசலிலும் வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

"வாசிக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு எங்களை சேவ் பண்ணிட்டான்னா நாங்க பொறுப்பில்ல," என்றார் நாதஸ்வரக்காரர்.

அந்த நாள்களில் உடன்குடியிலிருந்து பவளம், அதாவது வீட்டிலிருக்கும் பவளம், சொர்ணத்துக்குப் போன் செய்தாள். "சொர்ணம், என்னன்னு தெரியல, நேத்து மத்தியானம் சோறே எறங்கல. வயிறு தன்னால நெறஞ்சு போச்சு. ஏப்பம் வேற, ஏலக்காய் வாசமா வருது."

"பாயாசத்துல ஏலக்காய் போட்டது பிலோமி. அவ கை தாராளம்," என்று சொர்ணம் விளக்கினாள்.

"அப்ப சரி. நான் டாக்டர்ட்ட போவோம்னு இருந்தேன்."

இங்கே உண்டது அங்கே சேர்கிறது என்பது அவ்வாறு தெரியவந்தது. தெருவில் எவரும் அதை ஆராயவில்லை. பாயாசத்தில் ஏலக்காயை மட்டும் சற்றுக் குறைத்தார்கள்.

டைட்டஸ் தன் கடமையில் தளரவில்லை. முழு வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பார்த்தான். கம்ப்யூட்டர் விழுவது குறையவில்லை, ஆனால் வந்தவர்கள் மெதுவாக வந்தார்கள், வாசலைத் தாண்டவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள், ஒரு வணக்கத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் காப்பி ஆறியது. ரேமுக்குப் போகும் மின்னழுத்தத்தை ஒரு பொட்டு கூட்டினான். வந்தவர்கள் உரத்த குரலில் பேசினார்கள், சித்தப்பாவும் மாப்பிள்ளைத் தோழனும் நிலத் தகராறு ஒன்றை எடுத்தார்கள். உடனே குறைத்தான். பின்பு, எந்த ரேம் குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டினான். பழைய ரேமோடு விழுந்தபோது பெண் வீட்டார் மட்டும் வந்தார்கள், புதிய ரேமோடு விழுந்தபோது மாப்பிள்ளை வீட்டார் மட்டும் வந்து, சம்பந்தி வீட்டில் வரவேற்க ஒருவரும் இல்லையே என்று முகம் சுளித்தார்கள்.

"ரெண்டையும் போட்டே ஓட்டு தம்பி. ஒரு பக்கத்து ஆளுகளை மட்டும் கூப்பிட்டா நாளைக்குப் பேச்சு வரும்," என்றாள் பிலோமினா.

"அக்கா, நான் ரேம் செக் பண்ணுதேன். சொந்தக்காரங்களை இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான். ஒண்ணு சரியில்லன்னா எல்லாரையும் கெடுத்துரும்."

சண்முகக்கனி இந்தக் களிப்பில் கலக்கவில்லை. பகல் முழுவதும் கோத்தது விழும்போதெல்லாம் அழிந்தது. அழிந்த துண்டுகள் அவள் வீட்டில் உட்கார்ந்து கேரம் ஆடின. அதற்கிடையில் ஒரு காரியம் செய்யத் துணிந்தாள். மாமா இலையிலிருந்து எழும் காட்சியை வெட்டி எறிந்துவிட்டால், வளைகாப்பில் படம் போடும்போது பழைய புண் கிளறப்படாது என்று எண்ணினாள். காட்சியை ஒருமுறை ஓடவிட்டு, அவர் துண்டை உதறும் இடத்தில் நிறுத்தி, கத்தரியை வைத்தாள். அந்த நொடியில் கம்ப்யூட்டர் விழுந்தது.

செந்தூர்பாண்டி வந்தார். முன்னறையில் இருந்த அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டி, ஜன்னலோர நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். சொர்ணம் ஓடிவந்து எதிரே நின்றாள். "தம்பி, ஒரு வாய் சாப்பிடுடா. நான் போடுதேன்டா," என்றாள். அவர் நாற்காலியை வேறு பக்கம் திருப்பினார். சொர்ணம் அந்தப் பக்கம் போய் நின்றாள். அவர் மறுபடி திருப்பினார். லிங்கதுரை காலில் விழுந்தான். அவர் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டார். மாலைவரை அந்த நாற்காலி வீட்டைச் சுற்றியது. முடிவில் சண்முகக்கனி அந்தப் படத்துண்டைத் திறந்து, வெட்டாமலே சேவ் செய்தாள், அவர் போனார்.

"வெட்டப் பாத்தியோ?" என்று கேட்டாள் சொர்ணம்.

"ஆமா அத்தை."

"வெட்டுனா நடக்காமப் போயிருமா? அவன் வயித்துல இருக்கது அவன் வயித்துலதான் இருக்கும்."

சந்தனத்தைக் கண்டுபிடித்தவள் பவளம். அடுத்த முறை அவள் வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது; டைட்டஸ் கழற்றிய ரேமைக் கையில் வைத்துக்கொண்டு போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். பவளம் மூக்கைச் சுருக்கினாள்.

"என் தட்டுல இருக்கது வேற சந்தனம். இது கட்டையில அரைச்ச சந்தனம். இந்தப் பலகைக்கு யாரு வச்சது?"

"நான்தான் அத்தை. பூசைக்கு," என்றான் லிங்கதுரை.

"பொறவென்ன? சந்தனம் வச்சு அழைச்சா வராம இருப்பமா? நாங்க என்ன அழைக்காமலா வந்தோம்?"

டைட்டஸ் போனை வைத்தான். ரேமின் தங்க விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோனான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சந்தனப் பொட்டைப் பார்த்தான். சண்முகக்கனி மற்ற ரேமையும் கழற்றி, பிள்ளைகள் பென்சிலுக்குப் பயன்படுத்தும் ரப்பரால் இரண்டு விளிம்புகளையும் மெல்லத் தேய்த்து, ஊதி, துணியால் துடைத்து, கிளிப்புகள் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்தினாள். வெவ்வேறு கம்பெனி ரேம்கள் ஒன்றையொன்று இழுக்காதபடி, மெதுவானது எந்த வேகத்தைத் தாங்குமோ அந்த வேகத்துக்கு இரண்டையும் பயாஸில் அமைத்தாள். மெமரி டெஸ்ட் காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பிழையும் இன்றி முடிந்தது. பிறகு கம்ப்யூட்டர் விழவில்லை. அன்றும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை. படம் வளர்ந்தது. அது நல்ல செய்தி. தெரு அதைத் துக்கச் செய்தியாக எடுத்துக்கொண்டது.

"காப்பித்தூள் அரைக் கிலோ வாங்கி வச்சிருக்கேன். யாருக்குப் போட?" என்றாள் பிலோமினா. செயலாளர் மாலைதோறும் வாசல்வரை வந்து, படியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

வளைகாப்பு நெருங்கியது. ஒட்டப்பிடாரத்திலிருந்து பதில் இல்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், சொர்ணம் கம்ப்யூட்டர் மேசையருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அந்த மேசையருகே அமர்ந்தது அதுவே முதல் தடவை.

"கனி, அன்னைக்கு அவன் கோவத்தோட வந்தான். ஏன்?"

"எந்திரிச்ச பிறகு உள்ள இடத்துல விழுந்துச்சு அத்தை. அதான் அந்தக் கோவம்."

"எந்திரிக்கதுக்கு முன்னால உள்ள இடத்துல விழுந்திருந்தா?"

சண்முகக்கனியின் கை மவுஸின்மேல் நின்றது. "இலை முன்னாடி உக்காந்தபடி வருவாரு," என்றாள் மெதுவாக.

"அப்ப விழவை."

பாடுபட்டு நிலைநிறுத்திய கம்ப்யூட்டரை, ஒரே ஒருமுறை, ஒரே ஓர் இடத்தில் விழவைக்க வேண்டியதாயிற்று. டைட்டஸை அழைத்தார்கள், வீட்டில் கால் வைத்தாலே கம்ப்யூட்டர்கள் தாமாக விழும் என்று பெயர் எடுத்தவன் அவன். முழு வேக வரியை மறுபடி இயக்கினான், ஓடியது. அதற்கும் மேலே கூட்டினான், ஓடியது. மின்னழுத்தத்தைக் குறைத்தான், இன்னும் அமைதியாக ஓடியது. பெட்டியின்மேல் கையால் தட்டினான். காற்றாடி ஒரு சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கிற மெஷினைக் கெடுக்கத் தெரியலயா ஒனக்கு? இவ்வளவு நாளா அதைத்தானே செஞ்ச?" என்று கேட்டாள் பிலோமினா.

"அக்கா, என் சர்வீஸ்லயே இப்பிடி ஸ்டேபிளா ஒண்ணு ஓடுனதில்ல," என்றான் டைட்டஸ், உண்மையிலேயே மனம் உடைந்து.

அப்போது சொர்ணம் எழுந்து சமையலறைக்குள் போனாள். சந்தனக் கட்டையைக் கல்லில் உரசும் ஓசை கேட்டது. கிண்ணத்தோடு வந்து, அதை லிங்கதுரையின் கையில் வைத்தாள். மகனை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் கிண்ணம் அவன் கையில்தான் வந்தது. பெண்ணின் அண்ணன்தான் மாமனை அழைக்க வேண்டும்.

அவள் அதன்பின் உடனே விழவைக்க விடவில்லை. முதலில் சமையல். வத்தக் குழம்பு, தம்பிக்குப் பிடித்த சுண்டைக்காய் போட்டு. அவியல், பருப்பு, ரசம், அப்பளம், பாயாசம். முன்னறையில் பாய் விரித்து வரிசையாக வாழை இலைகள் போட்டாயிற்று. தெரு முழுவதும் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது. செயலாளர் ஒரு வாளித் தண்ணீரைத் தாமே கொண்டுவந்து வைத்தார். சண்முகக்கனி காட்சியைத் திறந்து, செந்தூர்பாண்டி இலைக்கு நீர் தெளிக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைத்தாள். லிங்கதுரை பெட்டியின் முன் முழங்காலிட்டு, மோதிர விரலால் சந்தனம் தொட்டு, இரண்டு ரேம்களின் தங்க விளிம்பிலும் வைத்தான். "மாமா, வாங்க," என்றான். பொருத்தினான். கம்ப்யூட்டரை எழுப்பினார்கள், காட்சி ஓடியது, உறைந்தது, நீலமாயிற்று, மன்னிப்புக் கேட்டது, இருண்டது.

முதல் இலையின் முன் செந்தூர்பாண்டி உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. முகூர்த்தம் முடிந்த பசி மட்டும் இருந்தது. அவருக்கு இருபுறமும் பெண் வீட்டார் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாசலோரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க, வாயைத் திறந்தபடி ஓடிவந்தான் கல்யாணத்து லிங்கதுரை.

"மாமா, ஒரு நிமி—"

வீட்டு லிங்கதுரை அவன் கையை எட்டிப் பிடித்தான்.

"ஏல, வாய மூடு."

"விடும் வே! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பஸ்சுக்கு நிக்காங்க!"

"நிக்கட்டும். இல்லன்னா அடுத்த பஸ்சுல போகட்டும். இது மாமா பந்தி. ஒனக்குத் தெரியாது, இதனால நம்ம அம்மா எங்கூட பேசி மாசக்கணக்காச்சு." அவன் சோற்றுத் தூக்கை மற்றவன் கையில் திணித்தான். "பிடி. மாமா இலைக்குப் போடு. மொதல்ல அவருக்கு."

கல்யாணத்து லிங்கதுரை தன்னையே ஒருகணம் பார்த்தான். தன்னிலும் சற்று மெலிந்து, கண்ணைச் சுற்றிக் கருத்து, ஐப்பசிக்கு வந்துவிட்ட தன்னைப் பார்த்து, ஏதோ புரிந்ததுபோல் குனிந்து சோறு போட்டான். வீட்டு லிங்கதுரை குழம்பு ஊற்றினான். வாசலோரத்து மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிலோமினா காப்பி கொடுத்து, "அடுத்த பந்தி உங்களுக்குத்தான், பாயாசம் சூடா இருக்கும்," என்று வாயை அடைத்தாள். நாதஸ்வரக்காரர், அழைக்காமலே வந்து, படியில் அமர்ந்து தொடங்கினார்.

செந்தூர்பாண்டி சாப்பிட்டார். அவசரம் இல்லாமல், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார். வத்தக் குழம்புக்கு மறுசோறு கேட்பதாகக் கையைக் காட்டினார். ரசத்துக்கும் காட்டினார். சுண்டைக்காயை ஓரமாக ஒதுக்கி வைத்துக் கடைசியில் ஒவ்வொன்றாக மென்றார், சிறுவயதில் செய்ததுபோலவே. சொர்ணம் அதைப் பார்த்தபடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாயாசத்தை இலையில் ஊற்றச் சொல்லி விரலால் வழித்தார். முடித்தபின் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். தெரு அவர் கையைப் பார்த்தது. அவர் இலையின் மேற்புறத்தைப் பிடித்தார். தன்னை நோக்கி மடித்தார்.

அந்நேரத்தில் சொர்ணத்தின் போன் அடித்தது. ஒட்டப்பிடாரம். தம்பியின் மனைவி.

"மைனி, நல்லாருக்கியளா? ஒங்க தம்பி ஒரு மாதிரியா இருக்காரு. மத்தியானச் சோறு வேண்டாம்னுட்டாரு, வயிறு நெறஞ்சு கெடக்காம். சுண்டைக்காய் வத்தல் வாசமா அடிக்கி அவரு பக்கத்துல, நான் அது சமைக்கவே இல்ல. இப்ப என்னன்னா, ஏட்டி, இந்துவுக்கு வளையல் எந்த சைசுன்னு கேளுன்னு நிக்காரு."

சொர்ணம் போனைக் காதிலிருந்து எடுத்தாள். மாதங்களுக்குப் பிறகு மகனைப் பார்த்தாள்; இரண்டு மகன்களில் எவனைப் பார்ப்பது என்று சற்றே தயங்கி, குழம்புக் கரண்டி பிடித்திருந்தவனைப் பார்த்தாள்.

"ஏல துரை, தங்கச்சிக்கு வளையல் சைஸ் என்னடா?"

லிங்கதுரைக்குத் தெரியவில்லை. "ரெண்டே கால் அத்தை," என்றாள் சண்முகக்கனி, மேசையிலிருந்து திரும்பாமல்.

செந்தூர்பாண்டி எழுந்து, செயலாளர் வைத்த வாளியில் கை கழுவினார். துண்டை உதறி ஈரத்தைத் துடைத்தார். பெண் வீட்டாரோடு வந்திருந்த பவளம் நீட்டிய வெற்றிலைத் தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சண்முகக்கனி அந்தப் படத்துண்டைத் திறந்து சேவ் செய்யக் கையை நீட்டினாள். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. தோளில் துண்டைப் போட்டு, செருப்பை மாட்டி, விலகி வழிவிட்ட குடைகளுக்கு நடுவே, மழை விட்டிருந்த தெருவில், ஒட்டப்பிடாரம் பஸ் வரும் பக்கமாக நடந்து போனார்.